முடிக்கு வாங்கின ரோஸ்மேரியை கிறிஸ்துமஸ் கோழிக்குள்ள வைக்கலாமா?

திருச்சி மன்னார்புரத்துலேர்ந்து பேசுறேன். நடுவுல ஹாரன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, ரவுண்டானா பக்கத்துலதான் வீடு. ஜன்னலை மூடுனா அடுப்புச் சூட்டுல நானே ரோஸ்ட் ஆயிடுவேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முழுக்கோழி ரோஸ்ட் பண்ணிக் காட்டுனேன்ல, அதுக்குள்ள வைக்கிற ரொட்டி ஸ்டஃபிங்கைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிட்டு ஓடிட்டேன். அன்னிலேர்ந்து விடாம ஒரே கேள்வி. "அண்ணா, தலைமுடிக்குன்னு ரோஸ்மேரி வாங்கி வச்சிருக்கோம். அதையே ஸ்டஃபிங்ல போடலாமா?"

சிரிக்காதீங்க, நியாயமான கேள்விதான். கொஞ்ச வருஷம் முன்னாடி திருச்சியில "ரோஸ்மேரி"ன்னு கூப்பிட்டா கோயில்ல ரெண்டு பொண்ணுங்க திரும்பிப் பாத்திருப்பாங்க. இப்ப நாட்டு மருந்துக் கடையில கரிசலாங்கண்ணிப் பொடிக்குப் பக்கத்துல பாக்கெட் பாக்கெட்டா தொங்குது. பதில் சொல்லிடுறேன். வெறும் காய்ஞ்ச இலையா, சாப்பிடுற சாமானா பாக்கெட் போட்டிருந்தா தாராளமா போடலாம். அதே செடிதான். ஸ்ப்ரே பாட்டில், எண்ணெய், "வெளி உபயோகத்துக்கு மட்டும்"னு எழுதினது, இதெல்லாம் தலையோட நிக்கட்டும், வயித்துக்கு வேண்டாம். இலை ஊசி மாதிரி இருக்கும், அப்படியே போட்டா பல்லுல குத்தும். நுணுக்கிப் போடுங்க, அரை டீஸ்பூன் போதும்.

அடுத்து, "சேஜ் இலை இல்லாம செய்யலாமா"ன்னு கேக்குறவங்க. வெள்ளைக்காரங்க ஸ்டஃபிங்னாலே சேஜும் வெங்காயமும்தான். இதுல ஒரு வேடிக்கை பாருங்க. 2017-ல தாவரவியல்காரங்க ஆராய்ஞ்சு பாத்து, ரோஸ்மேரியையே சேஜ் இருக்கிற சால்வியா பேரினத்துக்குள்ள கொண்டுபோய்ச் சேத்துட்டாங்க. அதாவது நீங்க முடிக்குத் தடவிக்கிட்டு இருக்கிறது சேஜோட உடன்பிறப்பு. சேஜைத் தேடி அலைஞ்சவங்க வீட்டுக்குப் போய் பாத்ரூம் அலமாரியைத் திறந்து பாருங்க.

ஆனா நான் சொல்ல வந்தது இலையைப் பத்தியே இல்ல. ஸ்டஃபிங் கெட்டுப்போறது இலையால இல்லைங்க, ரொட்டியால. ரொட்டி காயணும். நல்லா எழுதி வச்சுக்கோங்க, ரொட்டி காயணும்.

நமக்கும் பிரெட்டுக்கும் உறவு என்ன? காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பாக்கப் போனா ஒரு பாக்கெட் பிரெட், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். பால்ல நனைச்சுக் குடுப்பாங்க, அது குழையும், பல்லே இல்லாதவரும் முழுங்கிடுவாரு. அந்தப் பழக்கத்துல புது பிரெட்டைப் பிச்சுப்போட்டு, சிக்கன் வேக வச்ச தண்ணியை ஊத்தி, கோழிக்குள்ள அடைச்சா கோழிக்குள்ள இருக்கிறது ஸ்டஃபிங் இல்ல, காய்ச்சக்காரன் சாப்பாடு. போன வருஷம் எனக்கு வந்த படத்துல பாதி அப்படித்தான் இருந்துச்சு. கரண்டியால எடுத்தா பசை. போஸ்டர் ஒட்டலாம்.

ஏன் அப்படி? புது பிரெட்டோட எடையில மூணுல ஒரு பங்குக்கு மேலயே தண்ணிதான். அது ஏற்கனவே குடிச்சிட்டு உக்காந்திருக்கு, நீங்க மறுபடியும் ஊத்துனா எங்க போகும்? காய்ஞ்ச துண்டு அப்படி இல்ல. ஸ்பாஞ்சு மாதிரி ருசியை உள்ள இழுத்துக்கிட்டு, வெளிய தன் உருவத்தோட நிக்கும்.

உடனே "எங்க வீட்டுல ரெண்டு நாள் பழைய பிரெட் இருக்கே"ம்பீங்க. பழசு வேற, காய்ஞ்சது வேற. கவர்ல கட்டி வச்ச பிரெட் ரெண்டு நாள்ல விறைப்பாகும், ஆனா தண்ணி எங்கயும் போகல. உள்ள இருக்கிற மாவுச்சத்து மறுபடியும் இறுகிப்போறதுதான் அந்த விறைப்பு. ஃபிரிட்ஜுல வச்சா அது இன்னும் வேகமா நடக்கும். சூடு காட்டுனா திரும்ப மெத்துன்னு ஆயிடும், குழம்புல போட்டா திரும்ப குழையும். அதனால பழசுன்னு நம்பாதீங்க. கையில எடுத்து அமுக்குங்க, உடையணும். நசுங்குனா இன்னும் காயல.

எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது பொன்மலையில ஒரு ஆன்ட்டி. ஆங்கிலோ இந்தியக் குடும்பம், வீட்டுக்காரர் ரயில்வேயில கார்டா இருந்து ரிடையர் ஆனவர். ரயில்வே பட்டறை முன்னாடி நாகப்பட்டினத்துல இருந்துச்சு, 1928-ல பொன்மலைக்கு வந்துச்சு. அந்த வேலைக்காக எத்தனையோ குடும்பம் காலனியில குடியேறுச்சு, அதுல ஆங்கிலோ இந்தியர்களும் நிறைய. இன்னிக்கு நீலகிரி மலை ரயிலை இழுக்குற நீராவி எஞ்சின் சிலதைச் செஞ்சு குடுத்தது அந்தப் பட்டறைதான் தெரியுமா? ஊட்டிக்குப் போறப்போ எஞ்சினோட செல்ஃபி எடுக்குறீங்க, அது நம்ம ஊருப் பிள்ளை. அந்த எஞ்சின் கட்டுற கதையைத் தனி வீடியோவா போடணும்னு ஆசை. என் மச்சான்தான் ஃபோனைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறான், "மாமா, ஸ்டஃபிங்"ங்கிறான். சரி சரி.

ஆன்ட்டி வீட்டுக் கிறிஸ்துமஸுன்னா ஒரு வாரம் முன்னாடியே களை கட்டும். குல்குல்ஸ் பலகாரம் உருட்ட சீப்பைக் கழுவி வைப்பாங்க, ரோஸ் குக்கீஸ் சுடுவாங்க. நம்ம அச்சு முறுக்குதான், ஆனா அவங்ககிட்ட அப்படிச் சொல்லிடாதீங்க. நான் முதல் தடவை போனப்போ முறத்துல வெள்ளையா என்னமோ பரப்பி, மேல மல்லுத்துணி போட்டு மூடி வச்சிருந்தாங்க. வடகம்னு நினைச்சு, "ஆன்ட்டி, மார்கழியில வடகமா?"ன்னு கேட்டுட்டேன். "வடகம் இல்ல மேன், அது என் ஸ்டஃபிங்"னாங்க. ரொட்டித் துண்டு! மூணு நாளா காயுதாம்.

அன்னிக்குத்தான் புரிஞ்சுது. வடகம், வத்தல், மோர்மிளகாய்னு மொட்டை மாடி முழுக்கக் காயப்போட்டு வளந்த ஆளுங்க நாம. காயவச்சு வச்சுக்கிட்டா அப்புறம் எண்ணெயில என்ன ஆகும், குழம்புல என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? ரொட்டின்னு வந்தா மட்டும் அந்த அறிவெல்லாம் எங்க போகுது?

அவங்க சொந்தக்காரங்க நிறைய பேரு ஆஸ்திரேலியா, இங்கிலாந்துன்னு போயிட்டாங்க. அங்கேர்ந்து ஒரு வருஷம் பேக்ஸோன்னு ஸ்டஃபிங் பெட்டி ஒண்ணு வந்துச்சு. 1901-ல மான்செஸ்டர்ல ஜான் கிராம்ப்டன்னு ஒரு கறிக்கடைக்காரர் ஆரம்பிச்சது அது. பிரிச்சுப் பாத்தா உள்ள என்ன? காய்ஞ்ச ரொட்டித் தூள், காய்ஞ்ச வெங்காயம், காய்ஞ்ச இலை. அமெரிக்காவுல 1972-ல ஸ்டவ் டாப்னு ஒண்ணு வந்துச்சு, ரூத் சீம்ஸ்னு ஒரு அம்மா மத்தவங்களோட சேந்து உருவாக்கினது. அவங்க வாங்குன காப்புரிமையோட உயிரே, காய்ஞ்ச ரொட்டித் துண்டு எந்த அளவுல, எந்தப் பதத்துல இருக்கணும்ங்கிறதுதான். ரொம்பத் தூளா இருந்தா பசையாகும், ரொம்பப் பெருசா இருந்தா நடுவுல ஊறாது. நான் சும்மா புலம்பலைங்க, காப்புரிமையே வாங்கியிருக்காங்க. ரொட்டி காயணும்.

"அப்ப ரஸ்க் போடலாமா?" வேண்டாம். அது காய்ஞ்சதுதான், ஆனா டீக்கு சொந்தம். இனிப்பு, ஏலக்காய். கோழி வாயைத் திறந்து திட்டும். பேக்கரியிலயும் நல்லாக் கேட்டு சால்ட் பிரெட் வாங்குங்க, மில்க் பிரெட் இனிக்கும்.

இன்னொரு சிக்கல். இதே சித்திரையா இருந்தா திருச்சி வெயிலுக்கு மதியம் ஒரு மணி நேரம் மாடியில வச்சா அப்பளம். டிசம்பர்ல ஈரக்காத்து, ஆன்ட்டிக்குக் கைவந்துச்சு, நாம ஃபேன்ல ரெண்டு நாள் வச்சா பூஞ்சை பிடிச்சாலும் பிடிக்கும். அதனால அவன்ல 120 டிகிரியில முக்கால் மணி நேரம், நடுவுல ஒரு தடவை கிளறி விடுங்க. அவன் இல்லையா? தோசைக்கல், சிம், பொறுமை.

இப்ப இலைக்கு வர்றேன். சேஜும் வேண்டாம், தைமும் வேண்டாம், வாசல்ல தொட்டியில கற்பூரவல்லி இருக்குல்ல? ஓமவல்லின்னும் சொல்லுவோம். குழந்தைக்குச் சளி பிடிச்சா சாறு எடுப்போமே, அதேதான். தைமுக்கும் ஓமத்துக்கும் வாசம் குடுக்குற தைமால், கார்வக்ரால் இதுலயும் இருக்கு. கரீபியன் தீவுகள்ல இதைக் கோழி ஸ்டஃபிங்ல போடுறாங்க. நம்ம ஊர்ல பஜ்ஜி போட்டதோட நிறுத்திட்டோம். புதினா, கற்பூரவல்லி, ரோஸ்மேரி, துளசி, எல்லாம் ஒரே தாவரக் குடும்பம்தான். துளசியை மட்டும் ஸ்ரீரங்கத்துக்காரருக்கு விட்டுடுங்க, கோழிக்குள்ள அது வேண்டாம்.

ஸ்ரீரங்கம்னதும் ஞாபகம் வருது. அம்மா மண்டபம் ரோட்டுல இருக்கிற ஒரு சிநேகிதி வருஷா வருஷம் நம்ம வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு வருவாங்க. முட்டை இல்ல, வெங்காயம் பூண்டு இல்ல. சில வருஷம் வைகுண்ட ஏகாதசியும் கிறிஸ்துமஸும் ஒட்டியே வந்துடும். 2023-ல சொர்க்கவாசல் திறந்தது டிசம்பர் 23, 2025-ல டிசம்பர் 30. அந்த வாரம் அவங்களுக்குப் பகல்பத்து, ராப்பத்துன்னு கோயிலே வீடு. ஆனாலும் இருபத்தஞ்சாம் தேதி ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்துடுவாங்க. அவங்களுக்குன்னு தனித் தட்டுல, கோழிக்குப் பக்கமே போகாம ஒரு ஸ்டஃபிங். வெங்காயத்துக்குப் பதிலா முட்டைக்கோஸ் பொடியா நறுக்கி, ஒரு சிட்டிகை பெருங்காயம். முட்டைக்குப் பதிலா ஒரு உருளைக்கிழங்கு வேக வச்சு மசிச்சது. சிக்கன் தண்ணிக்குப் பதிலா காய் வேக வச்ச தண்ணி, வெண்ணெய்க்குப் பதிலா நெய். நெஜத்தைச் சொல்லவா? கோழிக்குள்ள இருக்கிறதை விட அதுதான் நல்லா இருக்கு. என் வீட்டுல யாரும் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா தட்டு முதல்ல காலியாகுறது அதுதான். ஏன் நல்லா இருக்கு? மேல முறுமுறுன்னு இருக்கும். ஏன் முறுமுறுன்னு இருக்கும்? ரொட்டி...

என்னடா? மெமரி நெறஞ்சிடுச்சா? மூணு நிமிஷம்தான் இருக்கா? இன்னும் அளவே சொல்லலையே!

சரி, வேகமா. பேப்பர் எடுத்துக்கோங்க. ஆறு பேருக்கு: சால்ட் பிரெட் 400 கிராம் பாக்கெட் ஒண்ணு, அரை இன்ச் துண்டா வெட்டிக் காய வைங்க. வெண்ணெய் 75 கிராம் உருக்கி, பெரிய வெங்காயம் ரெண்டு, பூண்டு நாலு பல், கொத்தமல்லித் தண்டு ஒரு கைப்பிடி போட்டு வதக்குங்க. செலரி கிடைச்சா அது, கிடைக்கலைன்னா அழ வேண்டாம். கோழி ஈரல் பிடிக்கும்னா பொடியா வெட்டி இதுலயே முழுசா வேகவிடுங்க, ஆன்ட்டி அப்படித்தான் செய்வாங்க. கற்பூரவல்லி ஆறு இலை, அதுக்கு மேல போட்டா கஷாயம். புதினா ஒரு பிடி. ரோஸ்மேரி அரை டீஸ்பூன், முடிக்கு மிச்சம் வச்சுக்கோங்க. மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன். அடுப்பை அணைச்சு, ரொட்டியைப் போட்டுப் புரட்டி, சிக்கன் வேக வச்ச தண்ணி 300 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. துண்டு நனையணும், அடியில தண்ணி தேங்கக் கூடாது. சூடு ஆறுனதும் அடிச்ச முட்டை ஒண்ணு.

தனித் தட்டுல வேக வைக்கிறதா இருந்தா 180 டிகிரி, மூடி 25 நிமிஷம், திறந்து 15 நிமிஷம். என்னைக் கேட்டா தட்டுதான். அவன் இல்லாதவங்க, குக்கர்ல கேக் செய்வீங்கள்ல, அதே மாதிரி அடியில உப்பு பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துட்டு, சிம்ல வைங்க, அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். அப்புறம் தோசைக்கல்லுல தட்டி ஒரு பக்கம் முறுக விடுங்க.

கோழிக்குள்ளதான் வைப்பேன்னு பிடிவாதம் பிடிச்சா, அடுப்புல ஏத்துறதுக்குச் சற்று முன்னாடி, தளர்வா வைங்க. முந்தின ராத்திரியே அடைச்சு ஃபிரிட்ஜுல வைக்கிற வேலை வேண்டாம். கோழிச்சாறு பச்சையா ரொட்டிக்குள்ள இறங்கும், அதனால ஸ்டஃபிங்கோட நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வரணும். கோழி வெந்துடுச்சு, உள்ள வேகலைன்னா பல வருஷம் பாதியில நின்ன நம்ம ஜங்ஷன் பாலம் மாதிரிதான். அப்ப ஸ்டஃபிங்கை வெளிய எடுத்துத் தட்டுல போட்டுத் தனியா வேக விடுங்க. தெர்மாமீட்டர் இல்லாதவங்க கோழிக்குள்ள வைக்கவே வைக்காதீங்க.

உப்பு! உப்பு சொல்லவே இல்லல்ல? பிரெட்லயே இருக்கு, சில வெண்ணெயிலயும் இருக்கும். அதனால வதக்குறப்போ அரை டீஸ்பூன்தான். ருசி பாக்குறதுன்னா முட்டை ஊத்துறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க, அப்புறம் பாக்க... ஏய், நின்னுடுச்சா?