கடலைமிட்டாயில் ஓடும் சைக்கிள்

சித்திரை வெயிலில் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரத்துக்குத் தனியாளாகச் சைக்கிள் மிதிக்கிறீர்கள். பையில் 100 கிராம் கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கோவில்பட்டி மிட்டாய்தான். அதில் ஏறக்குறைய 500 கிலோகலோரி ஆற்றல் இருக்கிறது. தூரம் சுமார் 15 கிலோமீட்டர். ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த ஆற்றலில் மிச்சம் இருக்கும்!

நடந்தே போனால் இந்தக் கணக்கு உதைக்கும். நடக்கும்போது அடிக்கு அடி உடம்பு எழும்பித் தாழ்கிறது. அத்தனை பாரத்தையும் கால்களே தாங்க வேண்டும். சைக்கிளில் பாரத்தைச் சீட் வாங்கிக்கொள்கிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கிற உழைப்பை வைத்துக்கொண்டு 15 கிலோமீட்டர் போய்விடலாம்.

சக்கரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். போக்ஸ் கம்பி ஒவ்வொன்றும் கோவில்பட்டித் தீக்குச்சியின் கனம்தான். அதை நட்டுவைத்து மேலிருந்து அழுத்தினால் வளைந்துபோகும். பிறகு எப்படி ஆளைச் சுமக்கிறது? எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே வீணைத் தந்திபோல முறுக்கி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அச்சுக்குக் கீழே இருக்கும் கம்பிகளின் இழுப்பு சற்றுத் தளர்கிறது, அவ்வளவுதான். எந்தக் கம்பியும் நசுங்குவதில்லை.

உடம்பு அவ்வளவு சிக்கனமான இயந்திரம் அல்ல. தின்ற மிட்டாயில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேரும். மீதி சூடாகிவிடும். 60 வாட் குண்டு பல்புகள் நான்கை வயிற்றுக்குள் எரியவிட்டதற்குச் சமம். வெளிக்காற்றும் 38 டிகிரியைத் தாண்டிவிட்டால் தோலைவிடக் காற்றே சூடு, உடம்புச் சூட்டை அது வாங்கிக்கொள்ளாது. அப்போது காப்பாற்றுவது வியர்வை ஒன்றுதான். தண்ணீர் ஆவியாகும்போது தன்னோடு எடுத்துக்கொண்டு போகும் வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் அது அள்ளிச் செல்லும் வெப்பத்தில் 8 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். திண்ணை ஓரத்து மண்பானை தண்ணீரைக் குளிர வைப்பதும் இதே வித்தையால்தான். 1924-இல் பம்பாயிலிருந்து தனியாகச் சைக்கிளில் கிளம்பி, ஐரோப்பாவில் ஒரு துணையைச் சேர்த்துக்கொண்டு, சகாராவையே கடந்த பிராம்ரோஸ் தாவரும் இந்த வித்தையை நம்பித்தான் பிழைத்தார்.

கரிசல் வெயிலில் ஓர் ஆபத்து உண்டு. தூத்துக்குடிக் கடற்கரையில் வியர்வை சொட்டும், சட்டை நனையும், தாகம் தெரியும். இங்கே காற்று அவ்வளவு வறண்டது. வியர்வை சுரந்த கையோடு மாயமாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும், முதுகில் வெள்ளையாய் உப்புக்கோடு மட்டும் படிந்திருக்கும். வியர்க்கவில்லையே என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் போனால் தலை சுற்றும். உப்புப் போட்ட மோரை வழிநெடுகக் குடித்துக்கொண்டே போக வேண்டும்.

ஆடியில் போனால் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தன் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு, கணவாய் வழியாக வெறும் காற்றை இந்தப் பக்கம் அனுப்புகிறது. கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றுவது அந்தக் காற்றுதான். கிழக்கே எட்டயபுரம் போகும்போது முதுகைத் தள்ளிவிடும். திரும்பும்போது நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் வர, அதே வேகத்தில் காற்று எதிரே வந்தால், காற்றின் தடை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது.

ஐப்பசி மழையில் மட்டும் தார்ச்சாலையை விட்டு இறங்கிவிடாதீர்கள். பத்தடி உருட்டுவதற்குள் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தை நிறுத்திவிடும். குச்சியால் நோண்டிவிட்டுச் சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டியதுதான். கரிசலில் நிறைந்திருக்கும் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண்ணின் வேலை இது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகளை அடுக்கிய சுவடிக்கட்டு என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கிராமின் ஏடுகளை எல்லாம் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 700 சதுர மீட்டர் வரும். 17 சென்ட் நிலம்! ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பிப் பிசினாகும். கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேல்மண் அந்த வெடிப்புக்குள் சரிந்து, நிலம் தன்னைத்தானே உழுதுகொள்ளும்.

தை பிறந்து, மழை நின்று பல வாரம் ஆன பிறகு அதே வழியில் போய்ப் பாருங்கள். மானாவாரிப் பருத்தி பச்சையாக நிற்கும். ஐப்பசியில் உங்கள் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திய ஈரத்தின் மிச்சத்தைத்தான் அது இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது.