மனநல மருந்து தொடங்கியதும் தாடை இழுத்தால்

காரைக்கால் தலத்தெருவில் உங்கள் வீடு என்று வைத்துக்கொள்வோம். தம்பிக்கு மனநல மருத்துவர் ஊசி போட்டு நேற்றுதான் அனுப்பினார். இன்று தாடை ஒரு பக்கம் இழுக்கிறது, நாக்கு வெளியே தள்ளுகிறது, கழுத்து திருகுகிறது, கண் மேலே செருகி நிற்கிறது. வலிப்பா, காத்து கருப்பா?

இரண்டும் இல்லாமல், மருந்தின் பக்கவிளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதற்கு டிஸ்டோனியா (தசை தானாக முறுக்கிக்கொள்வது) என்று பெயர். உடம்பு முழுக்க வெட்டும் வலிப்பில் நினைவு தப்பும், இதில் தப்பாது. நீங்கள் பேசுவது அத்தனையும் அவருக்குக் கேட்கிறது. தயவுசெய்து, "நடிக்கிறான்" என்று அவர் காதுபடச் சொல்லாதீர்கள்.

ஏன் வருகிறது? ஹாலோபெரிடால், ஃப்ளூஃபெனசின் போன்ற மருந்துகள் மூளையில் டோபமின் (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனம்) செய்யும் வேலையைத் தடுக்கின்றன. மாயக்குரல்கள் அடங்குவது அதனால்தான். ஆனால் தசைகளின் அசைவைச் சீராக வைப்பதும் அதே டோபமின்தான். மருந்து தொடங்கிய, அல்லது அளவு கூட்டிய முதல் சில நாட்களில் இது வரும். இளவயது ஆண்களுக்கு அதிகம். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் இதை வரவழைக்கும்.

இப்போது என்ன செய்வது? வாயை அழுத்தி மூடவோ திறக்கவோ வேண்டாம். தண்ணீரோ சாப்பாடோ புகட்ட வேண்டாம், புரை ஏறும். மாத்திரை அட்டையையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு, தாமதிக்காமல் காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்குப் போங்கள். தொண்டை இறுகி மூச்சு திணறினால் உடனே 108. கடும் காய்ச்சலோடு உடம்பு விறைத்தாலும் அப்படியே. அது வேறு, இன்னும் ஆபத்தானது. நாகூர் தர்காவுக்கு அழைத்துப்போய் வேண்டிக்கொள்வதைத் தசை இளகிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சரியாகுமா? ஆகும். புரோமெதசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தாடை இளகிவிடும். திரும்ப வராமலிருக்கச் சில நாட்களுக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை தருவார்கள்.

முன்கூட்டியே தடுக்க முடியாதா? முடியும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், கட்டுக்கடங்காத பதற்றத்தோடு வந்தவர்களிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், ஹாலோபெரிடால் போட்டவர்களுக்குப் புரோமெதசினையும் சேர்த்தே போட்டார்கள். பிரேசிலின் ரியோவில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு, ஹாலோபெரிடாலைத் தனியாகப் போட்டவர்களுக்கே இந்தப் பிடிப்பு அதிகம் வந்ததைக் காட்டியது. ஊசி போடும்போதே, "தசை இழுக்காமல் இருக்க மருந்து சேர்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அப்படியானால் மருந்தையே நிறுத்திவிடலாமா? நீங்களாக நிறுத்தாதீர்கள். நோய் திரும்பும். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

தாடை இழுத்த மருந்தின் பெயரையும் தேதியையும் சீட்டில் எழுதி வையுங்கள். நாளை வாந்திக்கென்று வேறொரு மருத்துவரிடம் போனாலும், முதலில் அதைக் காட்டுங்கள்.