வீட்டில் யாருக்கு வேண்டும் புது போன்?

200 மெகாபிக்சல் கேமரா என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்ட போனை வாங்கிப் படம் எடுத்தால், கேலரியில் வந்து சேர்வது வழக்கமாக 12.5 மெகாபிக்சல் படம்தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வெளிச்சத்தைக் கூடுதலாக வாங்குவதற்காக, அடுத்தடுத்து இருக்கும் 16 பிக்சல்களை சென்சார் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. முழு 200-ம் வேண்டுமென்றால் அதற்கான மோடைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாங்கிய புதிதில் போட்டுப் பார்ப்பவர்கள்கூட, மெமரி நிரம்புவதைக் கண்டதும் அந்தப் பக்கம் போவதில்லை.

ஆயுத பூஜை, தீபாவளி விற்பனையில் புது மாடலைப் பார்த்துக் கை பரபரப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் பழகிய நடுத்தர விலை போனில் ஜிபே பண்ணலாம், வாட்ஸ்அப் பார்க்கலாம், மேப் போட்டு ஊர் போய்ச் சேரலாம். இந்த வேலைகளில் புது மாடல் காட்டும் வேகம் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம்.

நிஜமாகவே தேய்வது பேட்டரி. லித்தியம் பேட்டரிகள் பல, 500 முறை முழுதாக சார்ஜ் ஏறி இறங்கியதும் கொள்ளளவில் சுமார் 80 சதவீதத்துக்கு வந்துவிடும். காலையில் ஏற்றிய சார்ஜ் மாலைக்குள் தீர்ந்தால், "போன் போச்சு" என்று முடிவு கட்டுகிறோம். சென்னை ரிச்சி தெருவிலோ ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலோ உள்ள சர்வீஸ் கடையில் நல்ல பேட்டரி மாற்றினால், அதே போன் இன்னும் இரண்டு வருடம் உழைக்கும். புது போன் விலையில் சிறு பங்குதான் செலவு. பின்பக்க மூடி உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. 800 சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்று 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே வைத்திருக்கிறது. அப்படியொரு விதி இங்கேயும் வர வேண்டும்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' இருக்கிறதே என்பார்கள். 60,000 ரூபாய் போனை மாதம் 5,000 வீதம் 12 தவணையில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வங்கி 15 சதவீத வட்டி போட்டால், அந்த 60,000-க்குள் சுமார் 4,600 ரூபாய் வட்டியாக இருக்கும். அதைத் தள்ளுபடி என்ற பெயரில் முன்பே விலையில் கழித்துவிடுவார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 830 ரூபாய், வாங்குபவர் தலையில்தான். பிராசஸிங் கட்டணம் தனி.

வீடியோ எடுத்துப் பிழைப்பவர்களுக்கும் நாளெல்லாம் ஆர்டர் எடுத்து ஓடும் டெலிவரி ஊழியர்களுக்கும் புது மாடல் தொழிற்கருவி. அவர்கள் கணக்கு வேறு.

மற்ற வீடுகளில் யாரும் பேசாத ஒரு கேள்வி இருக்கிறது: பழைய போன் எங்கே போகிறது? மகன் புதிது வாங்குவான், அவனுடையது அப்பாவுக்குப் போகும், அப்பாவுடையது அம்மாவுக்கு. ஓய்வூதியக் கணக்கும் பிக்சட் டெபாசிட்டும் இணைந்திருக்கும் சிம், வீட்டிலேயே பாதுகாப்பு குறைந்த போனில் போய் உட்காருகிறது. பாதுகாப்பு அப்டேட் என்றைக்கு நின்றது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் அனுப்பிப் பணம் திருடுகிற கும்பல்களிடம் எளிதில் சிக்குவது இப்படிப்பட்ட போன்கள்தான். தொட்டதும் செயலி இறங்கி, 'அக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்கும். மாற்றுத்திறனாளிகளுக்காக வைத்த அந்த வசதி, திரையில் உள்ளதைப் படிக்கவும் பொத்தானைத் தானே அழுத்தவும் செயலிக்கு அதிகாரம் தருவது. வெளியிலிருந்து இறக்கிய செயலிக்கு அந்த அனுமதியைச் சுலபமாகத் தர முடியாதபடி 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 ஒரு தடை போட்டது. அதற்கு முந்தைய பதிப்பிலேயே நின்றுபோன போனில் அந்தத் தடை கிடையாது. தடையைத் தாண்டவும் திருடர்கள் வழி தேடுகிறார்கள். ஆனாலும் பதறிப்போய் எல்லாவற்றுக்கும் 'அலோ' கொடுக்கும் பெரியவர்களுக்கு அந்த ஒரு தடை பெரிய உதவி.

அப்டேட் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உயர்ந்த மாடல்கள் சிலவற்றுக்கு ஏழு வருட வாக்குறுதி கிடைக்கிறது, மலிவு மாடல்கள் பலவற்றுக்கு இரண்டு மூன்று வருடம்தான். அந்தக் காலம் பெரும்பாலும் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடும். நாம் பில் போட்ட நாள் அதில் சேர்த்தியில்லை. இரண்டு வருடம் முன்பு வந்த மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால், இரண்டு வருடம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. கடையில் கேமராவைப் பற்றிக் கேட்பவர்கள் இந்தத் தேதியைக் கேட்பதில்லை.

ஆகவே இந்தப் பண்டிகைக்கு வாங்கும் முன் அம்மாவின் போனில் செட்டிங்ஸைத் திறந்து, 'செக்யூரிட்டி அப்டேட்' தேதியைப் பாருங்கள். வருடம் தாண்டியிருந்தால் புது போன் அவருக்கு வாங்குங்கள். ஐந்தாறு வருட அப்டேட் உள்ள நடுத்தர மாடல் போதும். உங்கள் போனுக்குப் பேட்டரி மாற்றிக்கொள்ளுங்கள். பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அவர் போனில் இன்றே பதிந்து வையுங்கள்.