கரண்ட் போன பிறகு

கூரையில் சோலார் போட்ட வீட்டிலும் கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடும், அதுவும் உச்சி வெயிலில். சோலார் போட்ட பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மானியத்தோடு அமைபவை பெரும்பாலும் மின்வாரியக் கம்பியோடு இணைந்து ஓடுபவை. கம்பியில் மின்சாரம் நின்றதும் அவற்றின் இன்வெர்ட்டரும் தானாக அணைந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பழுதுபார்க்கக் கம்பம் ஏறிய லைன்மேன் மீது நம் வீட்டு மின்சாரம் பாயும். நியாயமான விதிதான். ஆனால் மின்தடைக்கு மாற்று தேடுபவருக்குப் பேட்டரி இல்லாமல் ஆகாது.

ஜவ்வாது மலைக் காவலூரில் ஒரு சிறு வீட்டுக்குப் பேட்டரியோடு சோலார் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் எண்ண வேண்டியது தகடுகளை அல்ல, இரவில் எரியப்போகிற விளக்குகளை. தமிழக அரசு 2011-இல் அறிவித்த சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டத்திலும் 300 சதுர அடி வீட்டுக்கு 5 விளக்குகள் என்றுதான் கணக்கு தொடங்கியது.

நம் வீட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, 5 மணி நேரம்: 180 வாட்-மணி. 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, 8 மணி நேரம்: 480. செல்போன்களுக்கு 20. ஆக 680. இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 800. பழைய 75 வாட் ஃபேன்களாக இருந்தால் ஃபேனுக்கு மட்டுமே 1,200 ஆகியிருக்கும். முதல் செலவை ஃபேனில் செய்யச் சொல்வேன்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. ஆனால் ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் ஆயுள் குறைந்துவிடும். ஆகவே கைக்கு வருவது 900. நமக்கு அது போதும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை, விலைதான் கூடுதல்.

தகடு 330 வாட் ஒன்று போதும். இழப்புகள் போக, வெயில் நாளில் சுமார் 1,300 வாட்-மணி தரும். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், வெப்பம் அல்ல. அதன் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். 700 மீட்டருக்கு மேல் இருக்கும் காவலூரின் காற்று, கீழே வாணியம்பாடியின் வெயிலைவிடத் தகட்டுக்கு உகந்தது. ஊர் ஏறக்குறைய 12.5 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால் தகட்டைத் தெற்கு நோக்கி அதே அளவு சாய்த்தால் சரி. மழையே தூசியைக் கழுவிவிடும். தகட்டின் செல்கள் வரிசையாகக் கோத்தவை. பலாமரத்தின் ஒரு கிளை நிழல் சில செல்களில் விழுந்தாலும் உற்பத்தி பெருமளவு படுத்துவிடும்.

வாசல் விளக்கு போடுவதானால் மேலே மூடி வைத்து வெளிச்சத்தைத் தரையில் விழ வையுங்கள். காவலூரிலேயே இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வானம் இருட்டாக இருக்க வேண்டும்.

தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜ் கண்ட்ரோலர் நிற்கும். எம்.பி.பி.டி. வகை வாங்குங்கள், மேகமூட்டத்திலும் கிடைப்பதைக் கறந்துவிடும். பேட்டரியின் நேர்முனைக்கு ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். 12 வோல்ட்தானே என்று விட்டுவிடுகிறார்கள். ஷார்ட் ஆனால் ஒயரைப் பற்றவைக்கும் அளவுக்கு அந்தப் பேட்டரியிலிருந்து கரண்ட் பாயும். ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் அதை அடைத்த அலமாரியிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைக்கக்கூடாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தகடு தருவது மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறையலாம். அந்த மாதங்களுக்காகத் தகடுகளை அடுக்கத் தேவையில்லை. மின்வாரியக் கரண்டிலும் சார்ஜ் ஏறும்படி சோலார் இன்வெர்ட்டரை மாற்றி வைத்துவிட்டு, தையில் மறுபடி வெயிலுக்குத் திருப்பிக்கொள்ளலாம்.