இணையத்துக்கும் வேண்டும் மாற்றுப் பாதை

மின்சாரம் தடைப்பட்டால் இன்வெர்ட்டர் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் லாரி வருகிறது. இணையம் துண்டிக்கப்பட்டால் மட்டும் சேவை மையத்தை அழைத்துவிட்டுக் காத்திருப்பதே பெரும்பாலான வீடுகளின் நிலை. வீட்டிலிருந்து பணிபுரிபவரின் ஊதியம், மாணவரின் இணையவழித் தேர்வு, முதியவர் காணொலியில் பெறும் மருத்துவ ஆலோசனை ஆகிய அனைத்தும் இன்று ஒற்றைக் கம்பியை நம்பியிருக்கின்றன.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன; அவற்றோடு மின்கம்பிகளும் இணையக் கம்பிகளும் அறுந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜம் புயல் மழையின்போதும் நகரின் பல பகுதிகளில் தொலைத்தொடர்பு முடங்கியது. புயல்தான் வர வேண்டும் என்பதில்லை. சாலையோரம் பள்ளம் தோண்டும் ஓர் இயந்திரம் போதும்.

இதில் ஒரு முரண் உண்டு. தாக்குதலில் சில மையங்கள் அழிந்தாலும் எஞ்சியவை தொடர்பில் இருக்க வேண்டுமானால், ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் தேவை என்று 1964-இல் வெளியான தமது ஆய்வறிக்கைகளில் அமெரிக்கப் பொறியாளர் பால் பாரன் விளக்கினார். இணையத்தின் நடுப்பகுதி இன்று அப்படித்தான் இயங்குகிறது. ஆனால், தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழையும் கடைசி சில நூறு மீட்டரில் மாற்றுப் பாதை இல்லை. அதை நாமேதான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டில் சில ஆண்டுகளாக இரண்டு இணைப்புகள் உள்ளன. இரண்டு நிறுவனங்களுக்குக் கட்டணம் செலுத்துவதால் மட்டும் பாதுகாப்பு கிடைத்துவிடாது என்பதே நான் கண்ட முதல் உண்மை. இரு நிறுவனங்களின் கம்பிகளும் ஒரே கம்பத்தில் வந்தால், ஒரே மரக்கிளை இரண்டையும் அறுத்துவிடும். எனவே, ஒன்று ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழை இணைப்பாகவும், மற்றொன்று 4ஜி அல்லது 5ஜி சிம் அட்டையில் இயங்கும் கம்பியில்லா இணைப்பாகவும் இருப்பது நல்லது. இரண்டாவது இணைப்பு அதிவேகமாக இருக்க வேண்டியதில்லை. அவசரத்துக்கு உதவினால் போதும்.

இரண்டு இணைப்புகளையும் ஏற்கும் ரௌட்டர்கள் சந்தையில் கிடைக்கின்றன. இவை இரண்டு விதமாக இயங்கும். ஓர் இணைப்பு முடங்கினால் தானாக மற்றொன்றுக்கு மாறுவது ஒருமுறை. இரண்டிலும் சுமையைப் பகிர்வது மற்றொரு முறை. சுமைப் பகிர்வில், 100 எம்பிபிஎஸ் இணைப்புகள் இரண்டைச் சேர்த்தால் ஒரு கோப்பு 200 எம்பிபிஎஸ் வேகத்தில் இறங்கும் என்று பலர் எண்ணுகின்றனர். பொதுவாக அப்படி நிகழ்வதில்லை. ஒரு பதிவிறக்கம் ஒரு பாதையில்தான் செல்லும். மேலும், பயன்பாட்டின் நடுவே இணைய முகவரி மாறினால் சில வங்கித் தளங்கள் நம்மை வெளியேற்றிவிடும். ஆகவே வீட்டுக்குத் தானாக மாறும் முறையே ஏற்றது. அதிலும், மாறும் தருணத்தில் காணொலி அழைப்பு சில நொடிகள் அறுபடலாம்.

அமைக்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இரு நிறுவனங்களின் கருவிகளும் 192.168.1.1 என்ற ஒரே உள்முகவரியில் இருந்தால் குழப்பம் நேரும்; ஒன்றை 192.168.2.1 என மாற்றிவிட வேண்டும். இரண்டாவது, கம்பி இணைந்திருக்கிறதா என்பதோடு நிற்காமல், வெளியுலகிலுள்ள ஒரு முகவரி பதிலளிக்கிறதா என்று ரௌட்டர் சோதிக்கும்படி அமைக்க வேண்டும்; தெருமுனைக்கு அப்பால் பழுது இருந்தாலும் வீட்டுக் கருவியில் பச்சை விளக்கு எரியக்கூடும். மூன்றாவது, மின்சாரம். ரௌட்டரும் மோடமும் அணைந்துவிட்டால் எத்தனை இணைப்புகள் இருந்தும் பயனில்லை. இவற்றுக்கென்றே 12 வோல்ட் சிறு யுபிஎஸ் கருவிகள் கிடைக்கின்றன.

எல்லாம் முடிந்த பிறகு, மாதம் ஒருமுறை முதன்மைக் கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சோதிக்கப்படாத மாற்று ஏற்பாடு வெறும் நம்பிக்கை மட்டுமே.

இது தனிமனித முயற்சியோடு நின்றுவிடக் கூடாது. கட்டடங்களை இணைய வசதியின் அடிப்படையில் தரமதிப்பிடும் ஒழுங்குமுறையை 2024-இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) வெளியிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இணையக் கம்பிகள் நுழைய இரு வேறு பாதைகளைக் கட்டுமான நிலையிலேயே அமைப்பது பெரிய செலவன்று. வீடு வாங்குவோர் தண்ணீரையும் வாகன நிறுத்தத்தையும் பற்றிக் கேட்பதுபோல இதையும் கேட்கத் தொடங்கினால், கட்டுநர்கள் செய்யாமல் இருக்க முடியாது.

இரண்டாவது இணைப்பு வாங்க இயலாத வீடுகளே மிகுதி. அவர்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வசதியை முன்கூட்டியே பழகி வைப்பதும், அதில் வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையைப் பயன்படுத்துவதும்கூட ஒரு மாற்றுப் பாதைதான். அரசு சேவைகளும் கல்வியும் இணையத்துக்கு நகரும் காலத்தில், அந்தச் சிறு முன்னேற்பாடு ஆடம்பரம் அன்று, அடிப்படைத் தேவை.