64 கிலோபைட்டில் எழுந்த நிறுவனம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடைத்தெருக்களில் 2005, 2006 வாக்கில் செல்போன் கடை வைத்திருந்தவர்கள் ரீசார்ஜ் அட்டையோடு இன்னொரு வியாபாரமும் செய்தார்கள். 'பாட்டு, ரிங்டோன், கேம் ஏற்றித் தரப்படும்' என்று கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பத்தோ இருபதோ கொடுத்தால் கடைப் பையன் கம்ப்யூட்டரில் கேபிளைச் செருகி, நாலைந்து விளையாட்டுகளை போனுக்குள் இறக்கித் தருவான். சென்னை பீச் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் கிண்டி வருவதற்குள் சில ஓவர் கிரிக்கெட் ஆடிவிடலாம். அப்படி ஏற்றிய விளையாட்டுகளில் சிலவற்றைத் திறந்ததும் முதல் திரையில் வந்த பெயர் இந்தியாகேம்ஸ்.

1999-இல் மும்பையில் தொடங்கி, ஒரு கட்டத்தில் டிஸ்னியின் கைக்குப் போய், 2016-இல் இல்லாமல் போன நிறுவனம் அது. அதன் கதையை யார் யாருக்கு எத்தனை கோடிக்கு விற்றார் என்ற கணக்காகவே பத்திரிகைகள் எழுதிவந்திருக்கின்றன. அந்தக் கணக்கும் தேவைதான். ஆனால் அதைவிட முக்கியமான கதை அந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒரு முழு விளையாட்டையும் 64 கிலோபைட்டுக்குள் அடக்கியாக வேண்டும் என்ற கட்டாயம்தான் இந்திய விளையாட்டுத் தொழிலின் முதல் பள்ளிக்கூடம்.

நிறுவனர் விஷால் கோண்டல் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். கார்கில் போரை ஒட்டி அவர் செய்த சின்ன விளையாட்டு ஒன்று மின்னஞ்சல் வழியே நாடு முழுக்கப் பரவியது. விளையாட ஆள் உண்டு என்பது தெரிந்துவிட்டது. காசு எப்படி வாங்குவது என்பது தெரியவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் குறைவு. சி.டி.யில் விற்றால் மறுவாரமே திருட்டுப் பிரதி வந்துவிடும். கிரெடிட் கார்டை இணையத்தில் கொடுக்க எல்லோருக்கும் பயம். செல்போனில் மட்டும் ஒரு வழி இருந்தது: போனில் இருக்கும் பேலன்ஸிலிருந்து சேவை நிறுவனமே பணத்தைக் கழித்துக்கொள்ளலாம். இந்தியாகேம்ஸ் அந்தப் பக்கம் திரும்பியது.

அதற்கு முன்பும் போனில் விளையாட்டு இருந்தது. 1997-இல் நோக்கியா 6110-க்காக டனேலி அர்மான்டோ என்ற பொறியாளர் எழுதிய பாம்பு விளையாட்டை நாம் எல்லோருமே ஆடியிருக்கிறோம். ஆனால் அது தொழிற்சாலையிலேயே போனில் பதிக்கப்பட்டது. வாங்கிய பிறகு புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது. 2000-இல் செல்போனுக்கான ஜாவா தரம் வெளியானதும் நிலைமை மாறியது. ஒரு சின்ன ஜாவா இயந்திரத்தை போனுக்குள் வைத்துவிட்டால், வெளியிலிருந்து வரும் எந்த விளையாட்டையும் அது வாசித்து இயக்கும். விளையாட்டு 'ஜார்' என்ற சுருக்கப்பட்ட ஒற்றைக் கோப்பாக வரும்.

அந்தக் கோப்புக்குத்தான் எல்லை. நோக்கியாவின் ஆரம்பகால வண்ணத்திரை போன்கள் பல 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட விளையாட்டை ஏற்காது. திரை அகலம் 128 புள்ளி, உயரமும் 128 புள்ளி. விளையாட்டு ஓடும்போது அதற்குக் கிடைத்த நினைவகம் 200 கிலோபைட் அளவில்தான். நீங்கள் இப்போது வாசிக்கும் இந்தக் கட்டுரையை யூனிகோடில் சேமித்தாலே 64 கிலோபைட்டில் ஏறத்தாழ பாதி போய்விடும். மீதி பாதியில் கிரிக்கெட் மைதானம், பதினொரு ஆட்டக்காரர்கள், பந்து, ஸ்கோர் பலகை, கைதட்டல் எல்லாம் வரவேண்டும் என்றால்?

ஜாவா விளையாட்டு செய்தவர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழிகள் எனக்கு இன்றும் வியப்பளிக்கின்றன. படங்களில் தொடங்கலாம். ஒவ்வொரு பி.என்.ஜி. படக் கோப்பும், உள்ளே என்ன படம் இருந்தாலும், தன் அடையாளத்துக்கும் அளவுக்கும் படத் தரவின் உறைக்கும் முடிவுக் குறிக்கும் 57 பைட் எடுத்துக்கொள்ளும். 16 வண்ணங்களின் பட்டியலுக்கு இன்னொரு 60 பைட். அதை ஜார் கோப்பில் சேர்க்கும்போது ஒவ்வொரு கோப்புக்கும் முகவரி எழுத மேலும் 76 பைட், அதோடு கோப்பின் பெயர் இரண்டு முறை. ஆக, ஒரு புள்ளி வரைவதற்கு முன்பே ஏறத்தாழ 200 பைட் காலி. பேட்ஸ்மேன் மட்டையைத் தூக்குவது, முன்னே வருவது, அடிப்பது, ஓடுவது என்று நூறு சின்னப் படங்கள் இருந்தால் 20 கிலோபைட், அதாவது மொத்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கு, வெறும் உறைகளுக்கே போய்விடும். எனவே நூறு படங்களையும் ஒரே நீளமான படமாக ஒட்டிவைத்து, திரையில் வரையும்போது வேண்டிய துண்டை மட்டும் காட்டினார்கள்.

இந்தியாவுக்கு நீலச் சட்டை, ஆஸ்திரேலியாவுக்கு மஞ்சள் சட்டை வேண்டும். இரண்டு படம் வைக்க இடமில்லை. படத்தின் வண்ணப் பட்டியலில் நீலத்துக்குரிய மூன்று பைட்டுகளை மட்டும் ஓடும்போதே மாற்றிவிடலாம். ஆனால் பி.என்.ஜி. கோப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்ப்பு எண் உண்டு; ஒரு பைட் மாறினாலும் படம் கெட்டுப்போனது என்று போன் மறுத்துவிடும். அதற்காக அந்தச் சரிபார்ப்பு எண்ணையும் விளையாட்டே புதிதாகக் கணக்கிட்டு எழுதியது. ஒரே ஆட்டக்காரர் எட்டு நாட்டுக்கும் ஆடினார்.

கணிதத்திலும் இதே நெருக்கடி. முதல் தலைமுறை ஜாவா போன்களில் தசம எண்களே கிடையாது. முழு எண்கள் மட்டும்தான். அடித்த பந்து மேலெழுந்து வளைந்து விழவேண்டும், அதற்கு வேகமும் கோணமும் ஈர்ப்பும் தசமத்தில்தான் வரும். எல்லா எண்களையும் 256-ஆல் பெருக்கி வைத்துக்கொண்டார்கள். 1.5 என்பது 384. கணக்கு முடிந்தபின் 256-ஆல் வகுத்தால் திரையில் புள்ளி எங்கே என்று கிடைக்கும். 256-ஆல் வகுப்பது கம்ப்யூட்டருக்கு எட்டு இடம் நகர்த்துவதுதான் என்பதால் நேரமும் மிச்சம். சைன் மதிப்புகளைக் கணக்கிடாமல் ஒரு சிறு அட்டவணையாக முன்கூட்டியே எழுதிவைத்தார்கள்.

நிரலிலும் வெட்டினார்கள். ஜாவாவில் ஒவ்வொரு பகுதியின் பெயரும் எழுத்தெழுத்தாகக் கோப்பில் இருக்கும். பந்தின் இடத்தைக் கணக்கிடும் பகுதிக்கு ஆங்கிலத்தில் 18 எழுத்துப் பெயர் வைத்திருந்தால், வெளியிடும் முன் ஒரு கருவி அதை ஒற்றை எழுத்தாக மாற்றிவிடும். கல்லூரியில் நிரலைப் பல வகுப்புகளாகப் பிரித்து எழுது என்று சொல்லிக்கொடுப்பார்கள்; இங்கே அதற்கு நேர்மாறாக எல்லாவற்றையும் ஓரிரு வகுப்புகளில் திணித்தார்கள், ஒவ்வொரு புதிய வகுப்புக்கும் தனிச் செலவு உண்டு என்பதால்.

இத்தனைக்கும் பிறகு விளையாட்டு தயாராகி இருப்பது ஒரே ஒரு போனுக்குத்தான். திரைக்குக் கீழே இடப்பக்கம் இருந்த பொத்தானை அழுத்தினால் நோக்கியாவில் நிரலுக்கு வரும் எண் -6. மோட்டரோலாவின் பல போன்களில் அதே பொத்தானுக்கு -21. ஒன்றில் திரை சதுரம், இன்னொன்றில் நீளம். ஒன்றில் ஒலி வரும், அடுத்ததில் ஒலி வந்தால் ஆட்டம் நின்றுவிடும். உலகம் முழுக்க விற்க வேண்டுமானால் ஒரே விளையாட்டை நூற்றுக்கணக்கான போன்களுக்குத் தனித்தனியாகத் திருத்தி, ஒவ்வொன்றிலும் ஆடிப் பார்க்க வேண்டும். பொறுமையும் ஆள்பலமும் கேட்கும் இந்த வேலையை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ செய்தால் கட்டுப்படியாகாது. இந்தியாகேம்ஸின் பலமே இங்குதான் இருந்தது. ஸ்பைடர்மேன், புரூஸ் லீ போன்ற பெயர்களுக்கு உரிமம் வாங்கி, மொபைல் விளையாட்டாக்கிப் பல நாடுகளில் விற்றது.

பணம் தேடி வந்தது. 2004 இறுதியில் சீனாவின் டாம் ஆன்லைன் நிறுவனம் ஏறத்தாழ 1.8 கோடி டாலருக்குப் பெரும்பங்கை வாங்க ஒப்புக்கொண்டது. அடுத்து சிஸ்கோவும் மேக்ரோமீடியாவும் சிறு பங்கு எடுத்தன. 2007-இல் ஊடக நிறுவனமான யு.டி.வி. பெரும்பங்குதாரர் ஆனது.

இதே ஆண்டுகளில் நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் 8,000 பேர் அளவுக்கு அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்களில் வந்து இறங்கிய அவர்கள் கையால் கோடிக்கணக்கான போன்கள் உருவாகின. போன் நம் ஊரில் தயாரானது, விளையாட்டு மும்பையில் தயாரானது. இரண்டும் ஒரே அலையில் மேலே போயின. மின்னணுப் பொருள் செய்ய நமக்குத் தெரியாது என்ற பழைய தாழ்வு மனப்பான்மையை இந்த இரண்டும் சேர்ந்து உடைத்தன என்றுதான் நான் கருதுகிறேன்.

சரிவுக்கு ஐபோனைக் காரணம் காட்டுவது வழக்கம். அதில் உண்மை உண்டு, ஆனால் விரிசல் அதற்கு முன்பே விழுந்திருந்தது. ஜார் கோப்புக்குப் பூட்டு கிடையாது. ஒருவர் ஐம்பது ரூபாய்க்குமேல் கொடுத்து வாங்கியதை ப்ளூடூத்தில் பத்துப் பேருக்கு அனுப்பலாம். தாம்பரத்துக் கடைகளில் ஏற்றிய விளையாட்டுகளுக்கு அதைச் செய்தவர்களுக்கு ஒரு பைசாவும் போகவில்லை. முறையாக வாங்கினாலும் பணத்தில் பெரும்பகுதியைச் சேவை நிறுவனமே எடுத்துக்கொண்டது. எந்த விளையாட்டை முதல் பக்கத்தில் காட்டுவது என்பதும் அவர்கள் முடிவு. இந்தியாகேம்ஸ் விளையாட்டை லட்சக்கணக்கானோர் ஆடினார்கள். அவர்கள் யார், எந்த ஊர், எந்தக் கட்டத்தில் தோற்று மூடிவைத்தார்கள் என்ற விவரம் அதைச் செய்தவர்களுக்கு எட்டவே இல்லை. ஆடுபவர் வாடிக்கையாளராக இல்லாமல், சேவை நிறுவனம் வாடிக்கையாளராக இருந்தது. வீழ்ச்சிக்கு இதையே முதல் காரணமாக நான் வைப்பேன்.

2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தது; சில மாதங்களில் ஆண்ட்ராய்டின் கடையும் வந்தது. விற்பனையில் 70 சதவீதம் செய்தவருக்கு. பின்னாலேயே இலவச விளையாட்டுகள் வந்தன: ஆடுவது சும்மா, உள்ளே வாங்கும் பொருளுக்குத்தான் காசு. இந்த முறையில் ஆடுபவரின் ஒவ்வொரு விரலசைவையும் கவனித்துத்தான் விளையாட்டைத் திருத்த முடியும். இந்தியாகேம்ஸிடம் இல்லாதது சரியாக அதுதான். 64 கிலோபைட்டில் பெற்ற தேர்ச்சிக்கோ, நூறு போனுக்குத் திருத்தும் திறமைக்கோ புதிய கடையில் விலை இல்லை. உள்நாட்டில் பேலன்ஸிலிருந்து கேட்காமலே பணம் பிடிக்கிறார்கள் என்ற புகார்கள் குவிந்து, 2011-லும் 2013-லும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டுப்பாடுகளை இறுக்கியது. வாடிக்கையாளருக்கு அது நியாயமான பாதுகாப்பு. நேர்மையாக விற்றவர்களின் வருமானமும் அதோடு சேர்ந்து இறங்கியது.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. பிராட்பேண்டில் மாதக் கட்டணத்துக்கு கணினி விளையாட்டு, டி20 கிரிக்கெட், 'ரா.ஒன்' படத்துக்கு விளையாட்டு என்று ஓடிப் பார்த்தது. 2011-இல் டிஸ்னி வாங்கியது. 2013-இல் கோண்டல் விலகினார். 2016-இல் டிஸ்னி இந்தியாவில் விளையாட்டுப் பிரிவையே மூடியது.

ஸ்ரீபெரும்புதூர் அதற்கு முன்பே அடங்கிவிட்டது. 2013-இல் நோக்கியாமீது 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வருமான வரிக் கோரிக்கை எழுந்தது. சண்டை போனைப் பற்றியது அல்ல, போனுக்குள் ஏற்றிய மென்பொருளுக்காகப் பின்லாந்துத் தலைமையகத்துக்கு அனுப்பிய பணத்தைப் பற்றியது. நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த வழக்கால் தொழிற்சாலை ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. பெருங்களத்தூரிலும் படப்பையிலும் அந்தச் சம்பளத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதை இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இப்போது அவசரமான விஷயம் ஒன்று உண்டு: அந்த விளையாட்டுகளைக் காப்பது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு வரவேண்டும். திரைப்படங்களுக்குப் புனேயில் 1964 முதல் ஆவணக் காப்பகம் இருக்கிறது. விளையாட்டுகளுக்கும் அதே அக்கறை வேண்டும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலிருந்து காட்டாங்குளத்தூர் வரை இந்த ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி எத்தனை பொறியியல் கல்லூரிகள்! நினைவகம் குறைந்த கருவிகளுக்கு இன்றும் நிரல் எழுத வேண்டியிருக்கிறது. மின்மீட்டர், சென்சார் எல்லாம் அந்த வகைதான். ஒரு ஜார் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் மாணவர்களுக்கு ஒரு பருவத்துக்கான பாடம் கிடைக்கும்.

அந்தக் கோப்புகள் இருப்பது பழைய போன்களிலும் மெமரி கார்டுகளிலும். மெமரி கார்டு தகவலைச் சிறைப்பட்ட மின்னூட்டமாக வைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். பத்தாண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள், அது கடந்துவிட்டது. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு கார்டு இருந்தால் ரீடரில் செருகி, ஜார் என்று முடியும் கோப்புகளை இந்த வாரமே கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். ஜே2எம்இ லோடர் என்ற இலவசச் செயலியை ஆண்ட்ராய்டு போனில் நிறுவினால் அவற்றில் பெரும்பாலானவை ஓடும். முதலில் நகல், பிறகு ஆட்டம்.