பெண்கல்வியும் ஈகையும்

பெண்களைப் படிப்பிக்க வேண்டுமா என்று வாதிடுவோர் இன்று நம் நாட்டில் அரியர். பல்கலைக்கழகங்களில் ஆண்களினும் பெண்களே மிகுதியாகப் பயில்கின்றனர். 1945 ஆம் ஆண்டில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980 இல் பாடநூலும், பின்னர் சீருடைத் துணியும் இலவசமாயின. இவ்வளவும் இருக்கப் பெண்கல்விக்கெனத் தனியே தருமம் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். வினா நியாயமானதே. பள்ளிக்கூடத்தின் வாயில் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. அவ்வாயிலை வந்தடையும் வழிக்கே செலவு உண்டு.

அம்பாறைக் கரையோரத்தையே எடுத்துக்கொள்வோம். எங்கள் வினாயகபுரத்திலும் அயலூர்களிலும் மீன்பிடியையும் வயற்கூலியையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. சாதாரண தரப் பரீட்சையில் சித்தியெய்திய பெண்ணொருத்தி உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்க விரும்பினால், அப்பிரிவுள்ள 1ஏபி பாடசாலையைத் தேடிச் செல்லல் வேண்டும். சிற்றூர்ப் பாடசாலைகள் பலவற்றில் அப்பிரிவு இல்லை. பேருந்துக் கட்டணம், சப்பாத்து, அப்பியாசக் கொப்பி என்று செலவுகள் தொடரும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவற்றின் விலையை வெகுவாக உயர்த்திவிட்டது. தாய் வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்கிற்குச் சென்றுவிட்டாலோ, தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பு மூத்த மகளின் தலையில் விழுகிறது. அவள் பெயர் வரவு இடாப்பில் இருக்கும், இருக்கை வெறுமையாயிருக்கும்.

பிறர் ஈகையால் பெண்கள் கற்ற வரலாறு நமக்குப் புதிதன்று. 1824 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினர். ஹரியற் வின்சிலோ அம்மையார் அதனை நடத்தினார். கடல்கடந்த நன்கொடையாளர் அனுப்பிய பணம் ஊணும் உடையும் கல்வியும் ஆயிற்று. அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், அம்மிஷனின் விடுதிப் பாடசாலைகளில், பணம் அளித்தவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கமும் இருந்தது. பெற்றோர் இட்ட பெயர் பின்னே போக, முகமறியாத ஒருவரின் பெயர் முன்னே வந்தது. 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தம் சொந்தப் பொருளைக்கொண்டு மருதனார்மடத்தில் மகளிர் கல்லூரியை நிறுவியபோது, சைவப் பெண்கள் தம் பெயரோடும் சமயத்தோடும் இருந்து கற்க நல்லிடம் வாய்த்தது.

இன்று பிள்ளைக்குப் பெயரிடுவார் இல்லை. எனினும், அவ்வழக்கத்தின் நிழல் நீங்கியபாடில்லை. ஒரு பொதி கொப்பியைக் கொடுக்கப் பதினைந்து வயதுப் பெண்ணை மேடையேற்றி நிழற்படம் பிடிக்கிறோம். மறுநாள் வகுப்பில் அவள் "உதவி பெற்றவள்" ஆகிவிடுகிறாள். அந்த நாணத்திற்கு அஞ்சி, தேவையிருந்தும் வேண்டாம் என்று ஒதுங்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் அறிவர்.

மற்றொரு குறை, ஈகையின் குறுகிய ஆயுள். 2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலையில் நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அக்காலத்தில் உதவிகள் குவிந்தன, கட்டடங்கள் எழுந்தன. கட்டடத்தைச் சில மாதங்களில் முடித்துவிடலாம். ஒரு பெண்ணின் பள்ளிப் படிப்பு நிறைவுறப் பதின்மூன்று ஆண்டுகள் வேண்டும். இடையில் ஈராண்டு கைவிட்டால் முன் செய்ததும் வீணாகும்.

வங்காளதேசம் இதற்கு ஒரு நல்வழி காட்டிற்று. 1994 இல் அந்நாட்டு அரசு, உலக வங்கி, நோர்வே முதலியோரின் துணையுடன், கிராமப்புற இடைநிலைப் பள்ளிப் பெண்களுக்கு நாடளாவிய உதவித்தொகையை ஏற்படுத்தியது. பணம் மாணவியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே இடப்பட்டது. நூற்றுக்கு 75 நாள் வரவும், 45 புள்ளியும், படிப்பு முடியும்வரை மணமாகாதிருத்தலும் நிபந்தனைகள். ஆண்டுதோறும் தொகை தொடர்ந்தமையால், மகளை மணம் செய்து கொடுக்க விரைந்த பெற்றோரும் சற்றுப் பொறுத்தனர். சில ஆண்டுகளில் இடைநிலைப் பள்ளிகளில் பெண்களின் தொகை ஆண்களின் தொகையை எட்டியது.

நம்மாலும் இதனைச் சிறு அளவிற் செய்ய இயலும். நம் கரையில் கோயில்களும் பள்ளிவாசல்களும் அண்மையிலேயே உள்ளன. அன்னதானத்திலோ ஸக்காத்திலோ நம்மவர் கை சுருங்கியதில்லை. நூறு பிள்ளைகளுக்கு ஒருநாள் பொதி வழங்கும் பணத்தைக்கொண்டு, ஒரு பெண்ணின் உயர்தரப் படிப்புக்கு ஈராண்டுப் பேருந்துச் செலவைப் பொறுப்பேற்பது மேல். எவருக்குத் தேவை என்பதை வகுப்பாசிரியர் அறிவார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வழியே பணத்தைச் செலுத்தலாம். ஒவ்வொரு தவணையும் கணக்குக் கேட்கலாம். பிள்ளையின் பெயரை மட்டும் கேளாதிருத்தல் நன்று.

கொடுத்தவர் யார் என்பதை அவள் ஒருகால் அறியாமலே போகலாம். அதனாற் குறைவில்லை. சான்றிதழில் அவள் பெயர் இருந்தாற் போதும்.